சவுக்கு மிளாறும் ரோஸ்மேரித் தொட்டியும்

கிறிஸ்துமஸ் மரம்னா என்ன மரம்? கூகுளாண்டவரைக் கேட்டால் ஃபர், ஸ்ப்ரூஸ், பைன் என்று பனி தேசத்து மரங்களாக வரிசை கட்டுவார். எங்க காடாம்புலியூர் பக்கம் முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரையாவது கேட்டிருந்தால் ஒரே பதில்தான். சவுக்கு.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், அப்படியே தரங்கம்பாடி வரைக்கும்கூட, இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் ஒரு சவுக்குக் கிளையை வெட்டிட்டு வந்து, மணல் நிரப்பின தகர டின்னில் நட்டு, பஞ்சைப் பிய்ச்சுப் போட்டு, கலர் பேப்பர் சுத்தி, ரெண்டு பலூன் கட்டினால் மரம் ரெடி. பஞ்சுதான் பனி! பனின்னா மார்கழிக் காலையில் புல்லு மேல இருக்கற ஈரம்னு மட்டும் தெரிஞ்ச ஊரில், மரத்து மேல எதுக்குப் பஞ்சுன்னு யாரும் கேட்டதில்லை. கேரளாவிலும் இதே மரம்தான், அங்கே காற்றாடி மரம் என்பார்கள். இலங்கையில் மலைநாட்டு சைப்ரஸ் கிளை. ஆக அந்தந்த ஊரில் ஊசி ஊசியா, கூம்பா எது கிடைச்சுதோ அது.

இந்தப் பதிவு எழுதக் காரணம் வேற மரம். மரம்னு சொல்றதே தப்பு, செடி. ரோஸ்மேரி.

அமெரிக்காவில் இருக்கற சித்தப்பா பொண்ணு போன ஜனவரியில் போன் பண்ணி, "அண்ணே, எங்கூட்டு கிறிஸ்துமஸ் மரம் செத்துப் போச்சுண்ணே, புள்ள அழுவுறா" என்றது. ஃபோட்டோ அனுப்பச் சொன்னேன். முழங்கை உயரத்தில் அழகா கூம்பு வடிவத்தில் கத்தரிச்ச ரோஸ்மேரி. தொட்டியைச் சுத்திப் பளபளன்னு சிவப்பு ஃபாயில், ரிப்பன். அங்கே நவம்பர் கடைசியிலேயே மளிகைக் கடை வாசலில் இப்படி அடுக்கி வெச்சிடறாங்க. சின்ன அபார்ட்மென்ட், ஆறடி மரத்துக்கு இடமில்லை, இது மேஜை மேல உக்காரும், வாசனை வேற, ரெண்டு கிளையை ஒடிச்சு உருளைக்கிழங்கு வறுவலில் போட்டுக்கலாம். யாருக்குத்தான் வாங்கத் தோணாது? வாங்கறதில் பெரும்பகுதி பொங்கல் வரைக்கும் தாங்குவதில்லை.

ஏன்னு தேடப் போனேன். செடி வளர்ப்புல ஆரம்பிச்சு நானூறு வருஷ சரித்திரத்தில் கொண்டு போய் விட்டுடுச்சு. நமக்கு இதானே வேலை :-)

முதல்ல மரத்தோட கதை. மார்ட்டின் லூதர் ஒரு ராத்திரி காட்டு வழியா நடந்து வரும்போது மரங்களுக்கு நடுவே நட்சத்திரம் மின்னறதைப் பார்த்து, வீட்டுக்கு ஒரு மரம் கொண்டு வந்து மெழுகுவத்தி ஏத்தினார் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான், ஆதாரம் கிடையாது. எழுத்தில் கிடைக்கற பழைய குறிப்புகளில் முக்கியமானது 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பத்தினது. வீட்டுக் கூடத்தில் ஃபர் மரம் வெச்சு, அதில் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிசா சுட்ட அப்பம், சர்க்கரைப் பண்டம் எல்லாம் தொங்கவிடுவார்களாம். மெழுகுவத்தி பேச்சே இல்லை.

மெழுகுவத்தி நூறு வருஷம் கழிச்சு வருது. 1708-ல் பிரெஞ்சு அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஜெர்மன் இளவரசி லீஸலோட்டே தன் மகளுக்கு எழுதின கடிதத்தில், ஹானோவரில் தான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ மேஜை மேல மரம் வெச்சு ஒவ்வொரு கிளையிலும் மெழுகுவத்தி ஏத்துவாங்கன்னு நினைவு கூர்கிறார். அது என்ன மரம்னா, ஃபர் இல்லை, ஸ்ப்ரூஸ் இல்லை, பாக்ஸ்வுட்! தோட்டத்துல வேலி மாதிரி வெட்டி விடுவாங்களே, குட்டி இலை உள்ள புதர், அது. இங்கிலாந்தில் 1800-ல் வின்ட்ஸரில் ராணி ஷார்லட் வெச்சது யூ மரம். அப்புறம் விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோட மரத்தைச் சுத்தி நிக்கற படம் 1848-ல் லண்டன் படப் பத்திரிகையில் வந்தது. ரெண்டு வருஷத்தில் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒண்ணு அதே படத்தை, விக்டோரியா தலையில் இருந்த கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் எடுத்துட்டு, சாதா அமெரிக்கக் குடும்பம் மாதிரி போட்டுச்சு. போட்டோஷாப் எல்லாம் புதுசு இல்லை மக்களே! அதுக்கப்புறம்தான் ஊரெல்லாம் கூம்பு மரம்.

அதாவது 'ஒரிஜினல் கிறிஸ்துமஸ் மரம்' என்று ஒண்ணு இருந்து, அதுக்கு மாத்தா நாம சவுக்கு வெச்சோம் என்பது சரியில்லை. ஆரம்பத்திலிருந்தே மேஜை மேல குட்டிப் புதர், மூலையில் யூ, கூடத்தில் ஃபர் என்று கலவைதான். இந்த வரிசையில் சவுக்கும் ஒண்ணு. நாம காப்பி அடிச்சவங்க இல்லை, எல்லாரும் பண்ணதைத்தான் பண்ணினோம்.

இங்கே நம்ம ஊர் சரித்திரம் ஒண்ணு குறுக்கே வருது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு தொடர்புள்ள மிஷன். அதே ஹாலே வட்டாரத்து ஆட்கள் 1737-ல் கடலூரில் ஒரு மிஷன் தொடங்கினார்கள், சர்டோரியஸ், கைஸ்டர் என்று ரெண்டு பேர். பிறகு 1740-ல் வந்தவர் கீர்னாண்டர், ஸ்வீடன்காரர், ஹாலேவில் படிச்சவர். அப்போ கடலூர் பெரிய இடம். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர் வெச்சிருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து அந்தக் கோட்டையைப் பிடிச்சதும் கீர்னாண்டர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். இன்னிக்கு கல்கத்தா சரித்திரத்தில் பெரிய பெயர். கடலூரில் பதினெட்டு வருஷம் இருந்ததைச் சொல்ல ஆள் இல்லை.

ஜெர்மனியிலிருந்து வந்தாங்க, அதனால கிறிஸ்துமஸ் மரத்தையும் கொண்டு வந்திருப்பாங்கன்னு சட்டுனு முடிவு கட்டிடலாம். கூடாது. அந்தக் காலத்தில் ஜெர்மனியிலேயே எல்லா வீட்டிலும் மரம் வைக்கற வழக்கம் பரவவில்லை. மரம் நமக்கு வந்தது விக்டோரியா காலத்துக்கு அப்புறம், வெள்ளைக்கார துரை வீடு, மிஷன் ஸ்கூல், வாழ்த்து அட்டை வழியாக என்று வைத்துக்கொள்வதுதான் பொருத்தமா இருக்கு. அதுவும் சவுக்குக்கு நேரம் சரியா அமைஞ்சது. சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்பு பெருகினதே 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். சென்னைப் பட்டணத்து அடுப்புக்கும் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேணும், கடற்கரை மணல் சும்மா கிடக்கு, வை சவுக்கைன்னு வெச்சாங்க. வங்காளத்தில் தோரு தத் தன் வீட்டுச் சவுக்கு மரத்தைப் பத்திக் கவிதை எழுதினதும் அதே காலம்தான். அந்தம்மா 1877-ல் இருபத்தோரு வயசில் இறந்துட்டாங்க, கவிதை 1882-ல் புத்தகமா வந்தது.

சவுக்கைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரலை. பார்க்கத்தான் பைன் மாதிரி, ஆனா பைனுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது. ஊசின்னு நாம நினைக்கறது இலையே இல்லை, மெல்லிசான பச்சைக் குச்சி. ஒண்ணை எடுத்து இழுத்துப் பாருங்க, கணு கணுவா கழண்டு வரும். கணுவுக்குக் கணு பல்லு மாதிரி சின்னதா தெரியுதே, அதான் இலை. சின்ன வயசில் "எங்கே ஒடிச்சேன் சொல்லு"ன்னு கழட்டி மறுபடி சொருகி விளையாடாத கடற்கரைப் பிள்ளை உண்டா? தாவரவியல் பேரில் உள்ள காசுவரினா என்பது காசோவரிப் பறவையின் இறகு மாதிரி தொங்குதுன்னு வெச்சது. வேரில் ஃபிராங்கியான்னு ஒரு நுண்ணுயிர் குடியிருந்து காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடுக்கும். அதனாலதான் வெறும் மணலில் வளருது.

எங்க மாவட்டத்தில் இது பணப்பயிர். நட்டா மூணு நாலு வருஷத்தில் வெட்டு. கழி சாரத்துக்கும் பந்தலுக்கும், பெருங்கட்டை காகித ஆலைக்கு, மிளாறு அடுப்புக்கு. அந்த மிளாறுலதான் ஒரு கிளை தகர டின்னுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்காக யாரும் தனியா ஒரு மரத்தை வளர்க்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. தோப்புக்காரர்கிட்ட "மாமா, ஒரு கெளை ஒடிச்சிக்கறேன்"னு கேட்டா, "ஒடிச்சிக்கடா, நுனியை ஒடிக்காத"ம்பார். முடிஞ்சுது வியாபாரம். அங்கே அமெரிக்காவில் வருஷத்துக்கு ரெண்டரைக் கோடி மரத்துக்கு மேல வெட்டி விக்கறாங்க, ஆறடி வளர்க்க ஏழெட்டு வருஷம் ஆகுது. ஜெர்மனியிலேயே காடு அழியுதுன்னு 19-ஆம் நூற்றாண்டில் கவலைப்பட்டு, வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் போட்டு, கம்பியில சுத்தி செயற்கை மரம் பண்ணியிருக்காங்க. இன்னிக்கு பண்ருட்டி பேன்ஸி ஸ்டோர்ல தொங்கற பிளாஸ்டிக் மரத்துக்குக் கொள்ளுத் தாத்தா அது.

கிறிஸ்துமஸ், சவுக்கு ரெண்டையும் சேர்த்து சொல்லும்போது, எங்க மாவட்டத்துக்காரன் ரெண்டு தேதியைத் தாண்டிப் போக முடியாது.

முதலாவது 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. அலை வந்தது. அடுத்த வருஷம் ஃபின் டேனியல்சனும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் சயன்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை போட்டார்கள். ஆய்வு செய்த இடம் நம்ம கடலூர் மாவட்டக் கரை. பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊர்களும், சவுக்குத் தோப்புக்குள்ள இருந்த ஊர்களும் வெட்டவெளியில் இருந்த ஊர்களை விடக் குறைவாகவே சேதமானது என்பது அவர்கள் கண்டது. மரம் காரணமில்லை, அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளி இருந்ததும் மேட்டில் இருந்ததும்தான் காரணம்னு இந்த வகை ஆய்வுகளை மறுத்தவர்களும் உண்டு. ரெண்டுமே பங்கு வகிச்சிருக்கும் என்பது என் எண்ணம். ஆனா ஒண்ணு, அலை அடிச்ச பிறகு கரையோரம் முதல்ல நட்டது மறுபடியும் சவுக்கைத்தான்.

ரெண்டாவது 2011 டிசம்பர் 30. தானே புயல். அஞ்சு நாளைக்கு முன்னாடி கட்டின ஸ்டாரை இன்னும் கழட்டாத வீடுகள் நிறைய. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் விடியக்காலை கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வாக்கில் காத்து. சவுக்கு முறிஞ்சது, அது பரவாயில்லை, மூணு வருஷப் பயிர். காடாம்புலியூர், பண்ருட்டி சுத்துவட்டாரத்துல முந்திரியும் பலாவும் வேரோட விழுந்தது பாருங்க, அதுதான் தாங்க முடியாதது. தாத்தா வெச்ச பலா, அப்பா பாகம் பிரிக்கும்போது 'இந்த மரம் எனக்கு, அந்த மரம் உனக்கு'ன்னு பேர் சொல்லிப் பிரிச்ச பலா. பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் கேட்டாகூட 'பலா இருக்குல்ல'ன்னு நம்பிக் கொடுத்த மரம். ஒரு ராத்திரி. விறகு வாங்க ஆளில்லாம கிடந்தது, எல்லார் வீட்டு வாசலிலும் விறகுதானே! விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டு முந்திரி ரகங்களை வாங்கி மறுபடி நட்டார்கள். ஒட்டு முந்திரி மூணு நாலு வருஷத்தில் காய்க்கும். பலா அப்படியா?

முந்திரியும் நம்ம மரம் இல்லை என்பதை இங்கே சொல்லிடணும். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது. பறங்கிக் கப்பலில் வந்த அந்த மரம் செம்மண்ணைப் பிடிச்சுக்கிட்டு, இன்னிக்கு விக்கிரவாண்டி தஞ்சாவூர் சாலையில் காடாம்புலியூரைத் தாண்டறவங்களுக்குக் கண்ணுக்குத் தெரியறதே முந்திரிக் கடையும் உடைக்கிற கொட்டாயும்தான். உள்ளூர்க் காய் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையைக் கப்பலில் இறக்கி இங்கே உடைக்கிறார்கள். வந்தேறி மரம்னு எதையும் ஒதுக்க எங்க ஊருக்கு வாய் கிடையாது. சவுக்கு வந்தது, முந்திரி வந்தது. ரோஸ்மேரி மட்டும் ஏன் வரக்கூடாது?

இப்போ ரோஸ்மேரி. மத்தியதரைக்கடல் கரைச் செடி. பாறை இடுக்கு, சுண்ணாம்பு மண், சுள்ளுனு வெயில், கடல் காத்து. லத்தீனில் 'கடல் பனித்துளி' என்று பொருள் சொல்வார்கள் அந்தப் பேருக்கு. நம்ம துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை எல்லாத்துக்கும் பங்காளி. இளந்தண்டை விரலில் உருட்டிப் பாருங்க, சதுரமா இருக்கும், குடும்ப முத்திரை அது. ரோஸ்மரினஸ் என்றே இருநூறு வருஷத்துக்கு மேல இருந்த தாவரவியல் பேரை 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் சால்வியா இனத்தோட சேர்க்கச் சொன்னாங்க. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2019-ல் ஒத்துக்கிச்சு. செடிக்கு அதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு மணக்குது.

கிறிஸ்துமஸோட இதுக்கு உள்ள சம்பந்தம் மளிகைக் கடை கண்டுபிடிச்சது இல்லை. மரம் வைக்கற வழக்கம் இங்கிலாந்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, கிறிஸ்துமஸுக்கு வீட்டிலும் சர்ச்சிலும் ஹாலி, ஐவி, பே இலையோட ரோஸ்மேரிக் கொத்தும் கட்டுவார்கள். விருந்து மேஜைக்கு வர்ற பன்றித் தலைக்கும் ரோஸ்மேரிதான் அலங்காரம். மாதா குழந்தையைத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடினப்போ தன் நீல அங்கியை இந்தப் புதர் மேல காயப் போட்டதால வெள்ளைப் பூ நீலமாச்சு என்று ஒரு கதை. முப்பத்து மூணு வருஷத்துக்கு மேல இந்தச் செடி உயராது, இயேசுவோட உயரத்தைத் தாண்டாது என்று இன்னொரு கதை. ஐரோப்பாவில் கல்யாணத்துக்கும் வெச்சாங்க, சாவுக்கும் வெச்சாங்க, ஞாபகத்தின் அடையாளம்னு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நண்பர்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஏப்ரல் 25 அன்சாக் தினத்தில் சட்டையில் குத்திக்கறது ரோஸ்மேரித் துளிர்தான். 1915-ல் அவங்க பசங்க செத்த கல்லிப்போலி மலையில் அது காட்டுச் செடியா வளருது.

கூம்பு மரம் வந்ததும் இங்கிலாந்தில் ரோஸ்மேரிக் கொத்து பின்னுக்குப் போச்சு. அப்புறம் அதே ரோஸ்மேரி, தன்னை ஓரங்கட்டின கூம்பு மரத்தோட வேஷத்தையே கட்டிக்கிட்டுக் கடைக்கு வருது. இந்த வேடிக்கைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நம்ம பக்கம் ரோஸ்மேரியை நீலகிரியில் பயிராவே பண்றாங்க. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அதுக்குன்னு ஒரு ரகமும் உண்டு. குளிர்ச்சி, சரிவான நிலம், தண்ணி நிக்காது, அதுக்கு வேண்டியது அதான். இப்போ கொஞ்ச வருஷமா சமையலுக்கு வாங்கறவங்களை விடத் தலைமுடிக்கு வாங்கறவங்கதான் அதிகம். ரோஸ்மேரி தண்ணி தெளிச்சா முடி கொட்டாதாம். 2015-ல் ஈரானில் நூறு பேரை வெச்சு ஆறு மாசம் பண்ணின ஒரு ஆய்வு, ரோஸ்மேரி எண்ணெய் ரெண்டு சதவீத மினாக்ஸிடில் மருந்து அளவுக்கு வேலை செஞ்சதா சொல்லிச்சு. எண்ணெய், தண்ணி இல்லை. ஒரே ஒரு சின்ன ஆய்வை வெச்சு ஒரு நாடே தலையில் தெளிச்சுக்கறது நமக்குப் புதுசா என்ன!

சரி, தங்கச்சி வீட்டுச் செடி ஏன் செத்துது? நான் கேட்ட முதல் கேள்வி, "ஃபாயிலைக் கழட்டினியா?" "இல்லண்ணே, அழகா இருந்துச்சு, அப்படியே வெச்சிட்டேன்." அங்கேதான் முக்கால்வாசி கதை. ஃபாயிலுக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஊத்தின தண்ணி கீழே தேங்கி வேர் ஊறுது. பாறை இடுக்கில் பொறந்த வேர் அது, ஊறினா அழுகும். இன்னொரு கொடுமை, ரோஸ்மேரி வாடறதை வெளியே காட்டாது. துளசி ஒரு வேளை தண்ணி இல்லைன்னா தலையைத் தொங்கப் போடும். இது ஊசி இலை, செத்து ரெண்டு வாரம் ஆனாலும் பச்சையா விறைப்பா நிக்கும். தொட்டா உதிரும், அப்பத்தான் தெரியும். அதுக்குள்ள ஹீட்டர் ஓடற வீட்டில் சூடான காத்து, ஜன்னலை விட்டுத் தள்ளி டிவி பக்கத்தில் இடம், வெளிச்சம் இல்லை. மேலே வறட்சி, கீழே வெள்ளம். எந்தச் செடி பிழைக்கும்?

அடுத்த தடவை வாங்கறவங்களுக்கு: தொட்டியைத் தூக்கி அடியில பாருங்க, வேர் வெள்ளையா இருக்கணும், கறுத்து நாத்தமடிச்சா வேணாம்னுடுங்க. கீழ்க்கிளையை லேசா தடவி விடுங்க, ஊசி உதிர்ந்தா அது ஏற்கெனவே போன கேஸ். இலை மேல வெள்ளை மாவு மாதிரி படிஞ்சிருந்தா பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் ஃபாயிலைக் கழட்டு, இருக்கறதிலேயே நல்ல வெயில் வர்ற ஜன்னல், ஹீட்டருக்குத் தூரம். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்துக் காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி, ஊத்தினா அடியில வழியற மாதிரி ஊத்து, தட்டில் நிக்கறதைக் கொட்டிடு. ஆனா முழுசா காய விடவும் கூடாது, தொட்டிச் செடிக்கு மலைச்செடி மாதிரி ஆழத்தில் ஈரம் தேட வழி இல்லை. அலங்காரம் போடறதா இருந்தா கனமில்லாதது போதும், மேஜையில் ரெண்டு வாரம் உக்காந்தா மறுபடி ஜன்னலுக்கு.

கத்தரிக்கறதிலும் ஒரு விஷயம். பச்சையா இருக்கற துளிர்ப் பகுதியில் மட்டும் வெட்டணும். அடியில கட்டையான பழந்தண்டில் வெட்டினா பெரும்பாலும் திரும்பத் தளிர்க்காது. கூம்பு வடிவத்தைக் காப்பாத்தணும்னா வருஷம் முழுக்க நுனியைக் கிள்ளிட்டே இருக்கணும். இல்லாட்டி அது தன் இஷ்டத்துக்குப் புதரா பரவும். என்னைக் கேட்டா, பரவட்டும்.

எங்க பக்கம் சமவெளியில் வளருமான்னு கேட்டீங்கன்னா, வளரும், ஆனா நம்ம மழைக்காலம் பெரிய சோதனை. ரோஸ்மேரியைக் கிறிஸ்துமஸுக்குன்னு வாங்கினா அது வீட்டுக்கு வர்றது கார்த்திகை மார்கழியில். கடலூர் மாவட்டத்துக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள்ள கொட்டித் தீர்த்துடும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்து ஒரே நாளில் நாப்பது சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது ஞாபகம் இருக்கும். அந்த மழையில் திறந்த மாடியில் வெச்ச ரோஸ்மேரி என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால மழை முடியற வரைக்கும் தாழ்வாரத்துக்கு அடியில், காத்து வர்ற இடமா. நர்சரியில் வாங்கறது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் நட்டிருக்கும், அது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். அதை உதறிட்டு மண் தொட்டிக்கு மாத்திடறது நல்லது. எங்க செம்மண் ரெண்டு பங்கு, மணல் ரெண்டு பங்கு, மக்கின எரு ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியா. பிளாஸ்டிக் தொட்டி வேணாம், மண் தொட்டி மூச்சு விடும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியான வெயிலுக்கு மட்டும் மறைப்பு.

பதியன் போடறதும் சுலபம். பூ இல்லாத துளிரா நாலு அங்குலத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிட்டு ஈரமணலில் சொருகி நிழலில் வெச்சா சில வாரத்தில் வேர் விடும். அஞ்சு சொருகினா ரெண்டு பிழைக்கும்னு வெச்சுக்குங்க. தங்கச்சிகிட்டயும் இதைத்தான் சொன்னேன், இந்தத் தடவை வாங்கின அன்னிக்கே நாலு துளிரைப் புள்ளை கையால சொருக வை, பெரிய செடி போனாலும் சின்னது இருக்கும்னு. "அதுக்கும் லைட்டு போடணும்ங்கறாண்ணே" என்றது. போடட்டும்.

பி.கு.: நம்ம ஊர் நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ'ன்னு தொட்டியில் விக்கறது ரோஸ்மேரியும் இல்லை சவுக்கும் இல்லை, அரக்கேரியா. அடுக்கடுக்கா கிளை விடுமே, அது. கேப்டன் குக் 1774-ல் பசிபிக் தீவுகளில் பார்த்து, கப்பல் பாய்மரத்துக்கு ஆகும்னு ஆசைப்பட்ட மரத்தோட வம்சம். இதில் குக் பைன் என்கிற வகை நேரா வளராது, பூமத்திய ரேகை இருக்கற பக்கமா சாயும். 2017-ல் அஞ்சு கண்டத்திலும் இருநூத்தைம்பதுக்கும் மேற்பட்ட மரங்களை அளந்து பார்த்து, சராசரியா எட்டு டிகிரிக்கு மேல சாயுதுன்னு எழுதினாங்க. உங்க ஊர் சர்ச் வாசலிலோ பழைய பங்களாவிலோ உயரமா ஒண்ணு நின்னா, தெற்கே சாய்ஞ்சிருக்கான்னு பார்த்து வந்து சொல்லுங்க. தரையில் நட்டா வீட்டு உயரத்தைத் தாண்டிப் போகும், அதனால சுவரை ஒட்டி மட்டும் நட்டுடாதீங்க.